அகராதி அக்கா மாற்ற மறுத்த சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே! சட்டத்துறை இயக்குநர் அவர்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே! அவர்களுக்குப் பக்கத்தில் கைகோத்து உட்கார்ந்திருக்கும் மூன்று பெண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்னைப் பேச அழைத்தபோது ஒரு பெரிய மனிதர் என் காதோரம் குனிந்து, "அஞ்சு நிமிஷம் பேசுங்க, துறை விஷயம் மட்டும் வேண்டாம்" என்றார். துறை விஷயம் வேண்டாமாம்! முப்பத்தொரு ஆண்டுகள் துறையில் உழைத்து, துறையின் படிக்கட்டிலேயே உயிரை விட்ட ஒருவரைப் பற்றி வேறு எதைப் பேசுவது? நன்றாகச் சமைப்பார் என்று பேசவா? அக்காவுக்குச் சமைக்கவே வராது. சந்தேகம் இருந்தால் அவர் கணவரைக் கேளுங்கள். துறை விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். ஐந்து நிமிடத்தில் முடியாது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

சட்டத்துறை மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைமை மொழிபெயர்ப்பாளர், நம் எல்லோருக்கும் அகராதி அக்கா. அவருக்கு அந்தப் பெயரை வைத்தது நாங்கள். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அலமாரிப் பக்கம் போக மாட்டோம், அவர் மேசைப் பக்கம் போவோம். மேலதிகாரிகளும் அவரை அகராதி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்ன பொருள் வேறு. "அகராதி புடிச்ச பொம்பளை" என்று மாடிப்படியில் பேசிக்கொண்டே இறங்குவார்கள். அக்காவின் காதில் அது விழும். "ரெண்டு பேரும் சரியான சொல்லைத்தான் போட்டிருக்காங்க" என்று சிரிப்பார்.

எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது, கப்பல் சமையல்காரர் வழக்கு? துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்தவரைத் தள்ளிக் கொன்றதாக ஒரு வெளிநாட்டுச் சமையல்காரரைப் பிடித்து வைத்திருந்தார்கள். 'தள்ளினேன்' என்று அவரே ஒப்புக்கொண்டதாக வாக்குமூலத்தில் இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, பேருந்து பிடித்துச் சிறைக்குப் போனார். அந்த மனிதரை எதிரில் உட்காரவைத்து ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னார். அவருடைய மொழியில் 'தள்ளினேன்', 'இடறினேன்' இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓசை. உதடு குவிவதில்தான் வேறுபாடு. அந்த மனிதர் சொன்னது 'இடறினேன்'. மாஜிஸ்திரேட் முன்னால் அக்கா தன் உதட்டைக் குவித்துக் காட்டினார். நீதிமன்றமே சிரித்தது. சமையல்காரர் வீட்டுக்குப் போனார். அந்தக் கேலிச் சிரிப்பை வாங்கிக்கொள்ள நம்மில் யாருக்கு மனம் வந்திருக்கும்?

அப்படிப்பட்டவரைத்தான் தோழர்களே, இந்தத் துறை 'நாட்டைக் காட்டிக் கொடுத்தவர்' என்று சொன்னது!

நடந்தது என்ன? இங்கே வந்திருக்கும் பலருக்கு அது செய்தித்தாளில் வந்த அளவுக்குத்தான் தெரியும். முழுதாகச் சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையில் இருந்த கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை எரிந்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் ஆலை. ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீரை உறிஞ்சியதால் சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன என்று மக்களுக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதில் குளிர்காய்ந்தவர்கள் வேறு ஆட்கள். லாரிகளில் ஆளை இறக்கினார்கள். காலை பதினொன்றரைக்குள் ஆலை புகைந்துகொண்டிருந்தது.

கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஒருமுறை மூட்டினால் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி இறுகிவிடும். இறுகினால் உலை செத்தது, ஆலை செத்தது, முந்நூறு பேரின் பிழைப்பும் செத்தது. அதனால் எல்லோரும் வெளியே ஓடியபோது மூன்று பேர் உள்ளே நின்றார்கள். உலை மேஸ்திரி, ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன். புகை சூழ்ந்ததும் பின்வாசலுக்கு ஓடினார்கள். பின்வாசல் வெளிப்பக்கமாகப் பூட்டியிருந்தது. சரக்கு களவு போகிறது என்று கம்பெனி போட்ட பூட்டு அது. அந்த வாசலுக்கு உள்பக்கம்தான் மூன்று பேரின் உடலையும் எடுத்தார்கள்.

அந்த மேஸ்திரியின் மனைவி, அந்த ஃபிட்டரின் மனைவி, அந்த எலெக்ட்ரீஷியனின் தாய். இவர்கள்தான் முன்வரிசையில் கைகோத்து உட்கார்ந்திருப்பவர்கள்.

கம்பெனி வழக்குப் போட்டது. நம் நீதிமன்றத்தில் அல்ல, சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில். வெளிநாட்டு முதலீட்டுக்கு முழுப் பாதுகாப்புத் தருகிறோம் என்று நம் அரசு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறது. தீ வைத்தவன் யாராகவும் இருக்கட்டும், காக்க வேண்டிய அரசு அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? மூன்று நடுவர்கள் உட்கார்ந்து கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

அதற்கு விடை காவல் கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் குறிப்பேட்டில் இருந்தது. தீர்ப்பாயம் அதைக் கேட்டது. மூலத்தோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தரச் சொன்னது. குறிப்பேடு அக்காவின் மேசைக்கு வந்தது. அவருக்கு எதிர் மேசையில் நான் இருந்தேன். அந்தப் பக்கத்தை நானும் படித்தேன்.

பத்து ஐந்துக்கு, 'கூட்டம் பாலம் தாண்டியது.' பத்துப் பன்னிரண்டுக்கு, 'கேட்டில் நம்ம ஆளுங்க நாற்பது பேர் ரெடி.' பத்து இருபதுக்கு, 'மேலிட உத்தரவு, கேட்டை விட்டு ஒதுங்கிக்கோங்க.' பத்து ஐம்பத்தெட்டுக்குத்தான் 'கல்வீச்சு ஆரம்பம்.' பதினொன்று பத்துக்கு 'புகை.'

கேட்டை விட்டு ஒதுங்கிக்கோங்க! நாற்பது போலீசார் லத்தியோடும் கேடயத்தோடும் நின்றார்கள். ஒரு கல் விழவில்லை. ஒருவருக்கும் கீறல் இல்லை. ஒதுங்கச் சொன்னார்கள். ஒதுங்கினார்கள். அக்கா அதை 'வழிவிட்டு விலகி நில்லுங்கள்' என்ற பொருளில் எழுதினார். கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். குறிப்பேட்டை மூடி வைத்தபோது இருந்த அவர் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. "படிச்சியாப்பா?" என்றார். "படிச்சேன்க்கா." "சரி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். அன்றைய இயக்குநரும் இன்று மேடையில் இருப்பவரும் ஒருவரே. நான் கோப்புத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். அங்கே நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். தவறாக இருந்தால் இயக்குநர் அவர்கள் எழுந்து திருத்தலாம், ஒலிபெருக்கியைத் தருகிறேன்.

"உக்காருங்கம்மா. டீ சாப்பிடுங்க. ஒதுங்குறதுன்னா என்னம்மா?"

"எதுக்கு ஒதுங்குறோம்ங்கிறதைப் பொறுத்து சார்."

"மழைக்கு ஒதுங்குறோம்ல?"

"ஒதுங்குறோம்."

"அது பாதுகாப்புத் தேடுறது. அப்போ 'பாதுகாப்பான இடத்துக்குப் போங்க'ன்னு போடலாம்ல? போலீஸ்காரனும் மனுஷன்தானே, உசிருக்குப் பயந்து ஒதுங்கக் கூடாதா?"

"கூடும் சார். ஆனா மழை பேஞ்சிருக்கணும்."

இயக்குநர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஒரு சொல்லும்மா. ஒரே ஒரு சொல். அதுல நாட்டோட தலையெழுத்து இருக்கு."

"அதனாலதான் சார் மாத்தப் பயமா இருக்கு" என்றார் அக்கா. டீயைக் குடித்து முடித்தார், நன்றி சொன்னார், எழுந்து வந்தார்.

இதில் காட்டிக் கொடுத்தல் எங்கே இருக்கிறது? யாராவது சொல்லுங்கள்! மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தில் நாம் என்ன எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்? 'இது உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு' என்று. அரசுக்குச் சாதகமான மொழிபெயர்ப்பு என்று எழுதுகிறோமா?

ஆனால் தீர்ப்பாயத்துக்கு அக்காவின் மொழிபெயர்ப்பு போகவில்லை. இன்னொன்று போனது. அதில் 'பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கிக்கொள்ளுங்கள்' என்று இருந்தது. மூலத்தில் இல்லாத பாதுகாப்பு! மூலத்தில் இல்லாத இடம்! அதன் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்ட உத்தமன் யார் என்று துறைக்குள் பலருக்குத் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது.

நான்தான்.

ஆமாம், நான்தான். சலசலக்க வேண்டாம், உட்காருங்கள். தலைவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம், நான் நிறுத்தப்போவதில்லை.

அக்கா மறுத்த அன்று பிற்பகல் என்னைத் தனியாக அழைத்தார்கள். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கும் ரோஷம் வந்திருக்கும். "வீட்டம்மாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ் நடக்குதுல்ல? இங்கேயே இருந்தாத்தான் வசதி. எல்லைப்புற ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, உங்க பேரை யாரோ எழுதி வச்சிருக்காங்க. நான் அடிச்சுட்டேன், கவலைப்படாதீங்க" என்றார்கள். பிறகு தாளை நீட்டினார்கள். என் மனைவியின் உயிரைக் காட்டி என் கையெழுத்தை வாங்கினார்கள் என்று நான் சொல்லலாம். சொன்னால் நீங்களும் 'பாவம்' என்பீர்கள். ஆனால் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்கு வருத்தம் இல்லை தோழர்களே, நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு வந்தார். கையில் அந்தத் தாளின் நகல்.

"கையெழுத்து உன்னோடதுதானா?"

"ஆமாக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"வீட்ல எப்படி இருக்கா?" என்று கேட்டார். "பரவாயில்லக்கா" என்றேன். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்.

கம்பெனி தரப்பு சும்மா இருக்குமா? மூலத்தை அவர்களும் ஆள் வைத்து மொழிபெயர்த்தார்கள். இரண்டும் ஒட்டவில்லை. 'அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளரே வந்து விளக்கட்டும்' என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் கட்டடத்தின் கூட்ட அறையில் ஒரு பெரிய திரை வைத்தார்கள். திரையில் மூன்று நடுவர்கள், வேறு வேறு ஊர்களில், வேறு வேறு அறைகளில். இந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பாட்டில், அக்கா. ஓரமாகக் கோப்புகளோடு நான். அறைக்குள் போவதற்கு முன் இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். "நாடே உங்களைத்தான் நம்பியிருக்கு" என்றார்.

தலைமை நடுவர் வயதானவர். பொறுமையாகக் கேட்டார், இந்த வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள் என்று.

அக்கா சொன்னார். "பல பொருள் உண்டு. இங்கே இரண்டு போதும். மழை வந்தால் ஒதுங்குகிறோம், அது நம்மைக் காத்துக்கொள்ள. வண்டி வந்தால் ஒதுங்குகிறோம், அது வண்டிக்கு வழிவிட. பத்து இருபதுக்கு அந்தக் கேட்டில் எது வந்துகொண்டிருந்தது என்பதைக் குறிப்பேடே சொல்கிறது. கல்வீச்சு முப்பத்தெட்டு நிமிடம் கழித்துத்தான் தொடங்குகிறது. அவர்களை ஒதுங்கச் சொன்னபோது மழை இல்லை."

நம் அரசு பெரும் கட்டணம் கொடுத்து அமர்த்திய வெளிநாட்டு வழக்கறிஞர் எழுந்தார். தம் தரப்புச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வதுபோல் கேட்டார். "நீங்கள் இந்த அரசின் ஊழியர்தானே?"

"ஆமாம். அதனால்தான் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது."

இதைவிட ஓர் ஊழியர் என்ன சொல்ல முடியும்! இந்த நாட்டுக்கு இதைவிட மரியாதை தேடித் தர யாரால் முடியும்!

கடைசியாக இன்னொரு நடுவர் கேட்டார், அப்படியானால் அரசு தாக்கல் செய்த இந்த மொழிபெயர்ப்பில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று. அறையின் ஓரத்தில் நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அக்கா திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அது என் பிரிவிலிருந்து வந்தது. பிரிவுக்கு நான் தலைமை. பிழைக்கு நான் பொறுப்பு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பின்னால் குற்றப்பத்திரிகையாக எழுதி அவர் கையில் கொடுத்தார்கள்!

அரசு தோற்றது. இருநூற்றுப் பதினான்கு பக்கத் தீர்ப்பு. அதை நம் மொழிக்குக் கொண்டுவர அக்காவிடமே கொடுத்தார்கள். என்ன தைரியம் பாருங்கள்! அவரும் செய்தார். ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டார். "இங்க வா. இதைப் பாரு" என்றார். ஒப்பந்தப்படி 'முதலீடு' என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியல். நிலம், கட்டடம், இயந்திரம், பங்குகள், உரிமம், காப்புரிமை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "இதுல ஆள் எங்கப்பா இருக்கு?" என்றார். பக்கத்தைப் புரட்டினார். செத்த மூன்று பேரைப் பற்றி அந்த இருநூற்றுப் பதினான்கு பக்கங்களில் ஒரே ஒரு வரி. 'உள்ளூர்ப் பணியாளர் மூவர் உயிரிழந்தது குறித்துத் தரப்பினரிடையே கருத்து வேறுபாடு இல்லை.'

கருத்து வேறுபாடு இல்லையாம்! உலையின் செங்கல் எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. கன்வேயர் பெல்ட்டின் வயது என்ன என்பதில் இரண்டு நிபுணர்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். மூன்று மனிதர்கள் செத்ததில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபட்டுவிட்டன! கம்பெனியின் மனுவில் இன்னொன்று இருக்கிறது. சொத்தைக் காக்கத் தாங்கள் எடுத்த முன்னெச்சரிக்கைகள் என்று ஒரு பகுதி. அதில் ஏழாவது, 'பின்வாசலைப் பூட்டி வைத்திருந்தோம்.' பெருமையாக எழுதியிருக்கிறார்கள்!

அம்மா, மேஸ்திரியின் மனைவியே, உங்களுக்கு இது புதிதல்ல. அக்கா உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்துக் காட்டியபோது நீங்கள் கேட்டீர்களாமே, "எங்களைக் கேக்கவே இல்லையேம்மா, கருத்து வேறுபாடு இல்லைன்னு யார் சொன்னது?" என்று. அந்தக் கேள்வியை அக்கா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! உங்கள் மூன்று பேருடைய மனுவையும் அவர்தான் மொழிபெயர்த்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார், தன் சொந்தக் கையால், தன் விடுமுறை நாளில். நான்கு வரியில் பதில் வந்தது. நீங்கள் இந்த வழக்கில் தரப்பினர் அல்ல. அரசு தரப்பாம், கம்பெனி தரப்பாம், உள்ளே வெந்தவர்கள் தரப்பே இல்லையாம்!

தோற்றதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. உத்தரவு போட்ட 'மேலிடம்' யார் என்று விசாரித்தார்களா? இல்லை. லாரியில் ஆள் இறக்கியவனைத் தேடினார்களா? இல்லை. அக்காவைப் பிடித்தார்கள். பணி இடைநீக்கம். 'அரசின் நலனுக்கு ஊறு விளைவித்தது, தன் பிரிவு அனுப்பிய மொழிபெயர்ப்பில் பிழை என்று தீர்ப்பாயத்தின் முன் ஒப்புக்கொண்டது.' செய்தித்தாள்கள் அவர் படத்தைப் போட்டன. கடைத்தெருவில் அவர் கணவருடைய கடிகார ரிப்பேர் கடையின் ஷட்டரில் யாரோ கறுப்பு பெயின்ட்டால் 'துறோகி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். காலையில் இருவரும் போய் அதைப் பார்த்தார்கள். கணவர் அதை அழிக்கத் துணி எடுக்கப் போயிருக்கிறார். அக்கா பக்கத்துக் கடையில் கொஞ்சம் பெயின்ட் வாங்கி, 'றோ'வை அடித்து 'ரோ' என்று திருத்தியிருக்கிறார். "என்னடி பண்றே?" என்று இவர் கேட்க, "திட்டட்டும், பிழையில்லாம திட்டட்டும்" என்றாராம். அந்தச் சொல் இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. திருத்திய கைக்கு அழிக்க மனம் வரவில்லை என்று அவர் கணவர் நேற்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பதினெட்டு மாதம் விசாரணை. பதினொரு தடவை அழைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் 'அதிகாரி வரவில்லை', 'கோப்பு வரவில்லை', 'அடுத்த மாதம் வாருங்கள்'. விசாரணை அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுது. அக்காவின் மகள் ஒரு நர்ஸ். அம்மாவுக்கு இதயம் சரியில்லை, படி ஏறக் கூடாது, கீழ்த்தளத்தில் வைத்து விசாரியுங்கள் என்று மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் மேல் என்ன எழுதித் திருப்பினார்கள் தெரியுமா? 'விதியில் இடமில்லை.' விதியில் இடமில்லையாம்! கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆறு அறைகள் காலியாகக் கிடந்தன. இடம் அங்கே இருந்தது இயக்குநர் அவர்களே!

பதினாறு நாளுக்கு முன், பதினோராவது தடவை. காலை பத்து மணி. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்தார். மேலே போன குமாஸ்தா ஒருவர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது. வந்துட்டேன்னு உள்ள சொல்லிடுங்க, இல்லேன்னா வரலைன்னு எழுதிடுவாங்க" என்றிருக்கிறார். அவர் உள்ளே போய்ச் சொல்லித் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைய விசாரணைக் குறிப்பில் என்ன பதிவு செய்திருக்கிறார்கள்? 'குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜராகவில்லை.' நான் போய்ப் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். இன்றுவரை அதை யாரும் திருத்தவில்லை!

இந்தத் துறைதான் இன்று மலர்வளையம் அனுப்பியிருக்கிறது. நாடாவில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று அச்சடித்திருக்கிறது. இயக்குநர் அவர்களே, உங்கள் எதிரிலேயே கேட்கிறேன். குற்றப்பத்திரிகையை ரத்து செய்துவிட்டீர்களா? இல்லை. குடும்ப ஓய்வூதியக் கோப்பில் 'விசாரணை நிலுவை' என்று இன்னும் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டீர்களா? இல்லை. செத்தவரை இன்னும் விசாரித்துக்கொண்டே மலரையும் அனுப்புகிறீர்களே, எந்தக் கையால் எதைச் செய்கிறீர்கள்?

என் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. இங்கே கூடியிருக்கும் நம் சங்கத்தின் மேலும் உண்டு. பதினெட்டு மாதத்தில் ஒரு தீர்மானம் போட்டோமா? பதினொரு தடவையில் ஒரு தடவையாவது ஒருவர் கூடப் போய் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு படி ஏறினோமா? நான் போனேனா? என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்த அக்காவைப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்பாள். வேலை இருக்கிறது என்பேன். அவளும் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எந்த உயிரைச் சொல்லி அந்தக் கையெழுத்தை வாங்கினார்களோ, அந்த உயிரும் தங்கவில்லை. அவள் போன அன்று முதல் ஆளாக என் வீட்டு வாசலில் வந்து நின்றவர் அகராதி அக்கா. இடைநீக்கத்தில் இருந்தவர். என்னால் இடைநீக்கத்தில் இருந்தவர்!

அன்றாவது சொன்னேனா, 'அக்கா, நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்' என்று? சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது கேளுங்கள், கதை இன்னும் முடியவில்லை. இந்த மூன்று பெண்மணிகளும் நம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அரசின் மேலும், பின்வாசலைப் பூட்டிய கம்பெனியின் மேலும். அரசு அங்கே என்ன சொல்கிறது தெரியுமா? 'காவலர்கள் கல்வீச்சுக்குப் பயந்து பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கினார்கள், ஆகவே எங்கள் மேல் பிழையில்லை' என்கிறது! ஆதாரமாக எதைத் தாக்கல் செய்திருக்கிறது? கட்டுப்பாட்டு அறையின் மூலக் குறிப்பேட்டையா? அது வெள்ளத்தில் அழிந்துவிட்டதாம், தீர்ப்பாயத்துக்குப் போன நகலோ ரகசிய ஆவணமாம், இரு தரப்பும் வெளியே காட்டக் கூடாதாம். என் கையெழுத்துப் போட்ட மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்திருக்கிறது! வெளிநாட்டு நடுவர்கள் முன்னால் விலைபோகாத பொய்யைக் கொண்டுவந்து கணவனை இழந்தவர்களிடமும் மகனைப் பறிகொடுத்தவரிடமும் விற்கிறார்கள்! சர்வதேசத் தீர்ப்பைக் காட்டினால், 'அதில் நீங்கள் தரப்பினர் அல்ல, அது உங்களுக்குப் பொருந்தாது' என்கிறார்கள். கம்பெனிக்கு ஓர் உண்மை, உலை மேஸ்திரியின் மனைவிக்கு இன்னோர் உண்மையா?

அக்கா சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார். வருகிற வியாழக்கிழமை அவருடைய முறை. அதற்கு முன்பே அவரைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டார்கள்.

அவர் இல்லை. குறிப்பேடும் இல்லை. அந்தப் பக்கத்தை அன்றே தன் கண்ணால் படித்தவர்களில், சொல்லக்கூடியவன் ஒருவன்தான் மிச்சம். அந்தப் பொய்யை எழுதியவனும் அவனேதான். என்னைவிட நல்ல சாட்சி அந்த நீதிமன்றத்துக்குக் கிடைக்க மாட்டான், என்னைவிட மோசமான மனிதனும் கிடைக்க மாட்டான். 'அப்போது பொய் சொன்னாயே, இப்போது மட்டும் உண்மையா?' என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். கேட்கட்டும். பதில் வைத்திருக்கிறேன். என்மேல் வழக்கு வரும். வேலை போகும், ஓய்வூதியமும் போகலாம். போகட்டும்.

அகராதி அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எனக்கு முன் பேசிய நால்வரும் உறுதி எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பணியை, எந்தக் கிழமை, எந்த அறையில் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். மாவட்ட நீதிமன்றம், இரண்டாம் எண் கூடம், வியாழன் காலை பத்தரை மணி. நம் சங்கத்தில் நூற்றிருபது பேர் இருக்கிறோம். அன்று அந்தக் கூடத்தின் பின்வரிசைகள் காலியாக இருந்தால், இந்தக் கூட்டத்தை நாம் நடத்தியிருக்கவே வேண்டாம்.

இது நான் இன்று காலை நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலம். ஆறு பக்கம். என்னை அழைத்தவர் யார், எந்தத் தேதி, எந்த அறை, நீட்டிய தாளில் என்ன இருந்தது, மூலத்தில் என்ன இருந்தது, எல்லாம் இதில் இருக்கிறது. இயக்குநர் அவர்களே, இரண்டாம் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இந்த மூன்று பேருடைய வழக்கறிஞர் அதோ, கதவோரம் நிற்கிறார். வழக்கறிஞர் அம்மா, முன்னால் வாருங்கள். வழி விடுங்கள், வரட்டும்.

இந்தாருங்கள். இத்தனை பேர் பார்க்க என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு.